வாடலும் படுதலும்: மூளைத்தாக்கு ஆராய்ச்சியும் தமிழ்ச் சொல்லும்

தமிழில் மருத்துவம் எழுதப் புகுவோர்க்குச் சொல் கிடையாமை ஒரு தொல்லை. கிடைத்த சொல் பொருளை மறைத்து நிற்பது அதனினும் பெரிய தொல்லை. இவ்விரண்டனுள் பின்னதற்கு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபட்டு, அதனால் மூளையின் ஒரு பகுதி கெடும் நோயை நாட்டு மக்கள் 'பக்கவாதம்' என்றும் 'பாரிசவாயு' என்றும் வழங்குவர். அடைபட்ட பின்னரும் மூளையை எவ்வளவு காக்க இயலும், எவற்றைக் கொண்டு காக்க இயலும் என்னும் வினா ஏறத்தாழ ஐம்பதாண்டுகளாக உலகெங்கும் ஆராயப்பட்டு வருகின்றது. அவ்வாராய்ச்சி எதனைத் தேடிற்று, எங்கே தோற்றது, இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றைக் கூறி, அதனைத் தமிழில் சொல்லுதற்குக் கொங்கு நாட்டு உழவர் வழக்கினின்று சில சொற்களை எடுத்துக்காட்ட விழைகின்றோம். மருத்துவம் நம் துறை அன்று என்பதை மறந்தோமல்லோம். ஆயினும் இந்நோயில் முதல் சில மணிநேரத்தில் வீட்டார் செய்வது அவர்கள் அறிந்த சொல்லைப் பொறுத்தே அமைகின்றது. சொல்லாராய்ச்சி நம் துறையே.

'வாதம்' என்னும் சொல்லின் வரலாற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் முதலாவதாகிய வளியின் வடமொழிப் பெயர் அது. திருக்குறளின் மருந்து அதிகாரத்திலும் இம்மூன்றனுள் வெளிப்படையாகப் பெயர் பெற்று நிற்பது காற்று ஒன்றே. உடலின் இயக்கமனைத்தும் வளியின் செயல் என்று கொண்ட பழைய மருத்துவத்தில் இயக்கம் கெடும் நோயெல்லாம் வாதம் என்னும் தலைப்பின்கீழ் அடங்கின. அந்நெறியினுள் அஃது ஒழுங்கான பகுப்பே. அந்நெறியினின்று பெயர்த்தெடுத்து இக்காலப் பேச்சில் வழங்கும்பொழுது குழப்பம் நேர்கின்றது. இளம்பிள்ளைவாதம் ஒரு வைரசினால் தண்டுவடத்து அணுக்கள் கெடுவது. முடக்குவாதம் மூட்டுக்களின் அழற்சி. முகவாதம் முகத்திற்குச் செல்லும் ஒரு நரம்பின் நோய். பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவது. பக்கவாதமோ மூளையின் குருதிக்குழாயில் நேரும் கேடு. காரணத்தாலும் இடத்தாலும் விரைவாலும் வேறுபட்ட நான்கு நோய்கள் ஒரு குடும்பப் பெயரைச் சுமந்து நிற்றலின், அவற்றுக்குரிய மருத்துவமும் ஒரு தன்மைத்து என்று மக்கள் எண்ணுதல் இயல்பே. எண்ணெய் தேய்த்தல், ஒற்றடம் இடுதல், புறாவின் குருதியைப் பூசுதல் முதலியன தமிழகத்தின் பல பகுதிகளிலும் இந்நோய்க்குச் செய்யப்பட்டு வந்தவை. இவை யாவும் கைகால்களுக்குச் செய்யப்படுவன என்பது நோக்கத்தக்கது. நோய் இருப்பதோ தலையில்.

பெயரில் உள்ள 'பக்கம்' என்னும் பகுதியும் அத்தன்மைத்தே. இடப்பக்க மூளை கெடின் வலப்பக்க உடல் செயலிழக்கும்; வலப்பக்கம் கெடின் இடப்பக்கம். பெயர் சுட்டும் பக்கம் நோய் உள்ள பக்கத்திற்கு நேரெதிர் என்பது ஒரு வேடிக்கை. மேலை மொழிகளிலும் நிலைமை மிகுதியும் சிறந்ததன்று. கிரேக்கர் இதனை 'அடியுண்டு வீழ்தல்' என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினர். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோக்' என்பதும் 'அடி' என்பதே. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு அட்டவணையில் இந்நோய் நெடுங்காலம் குருதியோட்ட நோய்களின்கீழ் வைக்கப்பட்டிருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் திருத்தத்திலேயே அது நரம்பு மண்டல நோய்களின் கீழ் இடம்பெற்றது. நோய் எங்கே உள்ளது என்பதைத் தீர்மானிக்க உலகப் பேரறிஞர்க்கே இத்துணைக் காலம் பிடித்ததெனின், எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவரும் பாட்டியை நாம் நகையாடுவதற்கில்லை. 'மூளைத்தாக்கு' என்பது இப்பொழுது அச்சில் ஓரளவு பயின்று வருகின்றது. இடத்தையும் விரைவையும் ஒருங்கே சுட்டுதலின் அதனையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம்.

இனி, கொங்கு நாட்டுப் பேச்சை நோக்குவோம். நோயாளியை அழைத்து வந்தவர்கள், 'வாதம்' என்னும் பெயர்ச்சொல்லைச் சொல்லுமுன் வேறொரு வினைச்சொல்லைச் சொல்வது வழக்கம். "கையும் காலும் வரலீங்க" என்பர். "வாய் ஒருபக்கம் இழுத்துக்கிச்சுங்க" என்பர். "பேச்சு வரலீங்க" என்பர். இவ்வழக்குகள் பிற வட்டாரங்களிலும் உள்ளனவே. எனினும் இங்கு மிகுதி. 'வருதல்' என்னும் வினை இங்கே ஆராயத்தக்கது. கை இறந்தது என்றோ, கையில் காற்றுப் புகுந்தது என்றோ அது கூறவில்லை. அழைத்தோம், வரவில்லை என்கின்றது. ஏவல் சென்று சேரவில்லை என்னும் இப்பொருள், இக்கால உடலியல் கூறும் உண்மைக்குப் புலவர் ஆண்ட பெயரினும் நெருங்கி நிற்கின்றது. கை நலமாகவே உள்ளது, ஏவுமிடம் வாய்மூடிற்று. அவ்வாறு வாய்மூடிய இடம் மடிந்துவிட்டதா, மடியாமலே அடங்கிக் கிடக்கின்றதா என்னும் வினாவிலிருந்தே நாம் கூறப்புகும் ஆராய்ச்சி முழுமையும் கிளைத்தது.

மனித மூளை உடலின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. உடல் ஓய்ந்திருக்கும்பொழுது செலவாகும் உயிர்வளியிலோ ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது கொள்கின்றது. சேமித்து வைக்கும் களஞ்சியம் அதற்கு இல்லையென்றே கூறலாம். அன்றாடம் வரும் குருதியைக் கொண்டு அன்றாடம் வாழ்வது. நலமுள்ள மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி பாய்கின்றது. இது படிப்படியாகக் குறையும்பொழுது மூளை என்ன ஆகின்றது என்பதை அஸ்ட்ரப், சைமன் முதலியோர் 1970களில் வாலில்லாக் குரங்கினத்தோடு நெருங்கிய பபூன்களில் அளந்தறிந்தனர். அவர்கள் கண்டது ஓர் எல்லையன்று, ஈரெல்லை. பாய்வு ஏறத்தாழ 20 மில்லிலிட்டருக்குக் கீழ் இறங்கியதும் நரம்பணுக்களின் மின்னோட்டம் அடங்குகின்றது. அணு வேலை செய்வதில்லை. ஆயினும் உயிரோடு உள்ளது. பாய்வு மேலும் இறங்கி 10 மில்லிலிட்டர் அளவை நெருங்கும்பொழுது அணுவின் சவ்வு தன் உப்புக்களைக் காக்கும் ஆற்றலை இழந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டுகின்றது. அது சாவின் தொடக்கம். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட திசு பேசாது, ஏவாது, உணராது, ஆனால் மடியவில்லை. குருதி மீண்டும் பாயுமாயின் அது பிழைத்தெழும். 1981இல் அஸ்ட்ரப், சீஷோ, சைமன் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரையின் பின் இந்நிலத்திற்குப் 'பெனும்பிரா' என்னும் பெயர் மருத்துவ உலகில் நிலைத்தது.

இப்பெயர் வானூலினின்று கடன் கொண்டது. கோள்மறைப்பின்பொழுது முழு இருள் விழும் இடத்தைச் சூழ்ந்து அரையிருளாகத் தோன்றும் பகுதியை அது குறிக்கும். தமிழ்ப் பாடநூல்களில் முழு இருளுக்குக் 'கருநிழல்' என்றும் அரையிருளுக்குப் 'புறநிழல்' என்றும் பெயர் உண்டு. மருத்துவம் எழுதுவோர் அச்சொல்லையே எடுத்துக்கொள்வர் என எதிர்பார்க்கலாம், எடுத்துக்கொண்டும் உள்ளனர். ஆனால் இலத்தீன் சொல்லில் 'ஏறத்தாழ நிழல்' என்னும் பொருள் உண்டு; முழுமையுறாமையே அதன் உயிர். 'புறநிழல்' என்பதிலோ புறத்தே உள்ளது என்னும் இடப்பொருள் மட்டும் எஞ்சுகின்றது. நாம் சொல்ல வேண்டுவதோ இடத்தை அன்று, நிலையை. மேலும் நிழல் நகர்ந்தால் ஒளி தானே வரும். இத்திசுவோ காலந்தாழ்ப்பின் தானே மடியும். உவமை அடிப்படையிலேயே பிறழ்கின்றது.

கொங்கு நாட்டு மேட்டுநிலத்து உழவரிடம் இந்நிலைக்குப் பெயர் ஆயத்தமாக உள்ளது. கிணற்றுநீரை நம்பிப் பயிரிடும் இந்நாட்டில் நீர்க்குறையின் படிகளை வேறுபடுத்தும் வினைச்சொற்கள் மிகப்பல: வாடுதல், வதங்குதல், சுண்டுதல், கருகுதல், காய்தல், பட்டுப்போதல். இவை ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கும் ஒருபொருட் கிளவிகள் அல்ல. நண்பகல் வெயிலில் பருத்தி வாடும். மாலையில் தானே நிமிரும். அதனைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. மாலையிலும் நிமிராத வாடல் அச்சம் தருவது. அன்றிரவே நீர் பாய்ச்ச வேண்டும் என்பதன் அறிகுறி அது. 'பட்டுப்போயிற்று' எனப்படும் மரமோ நின்ற நிலையிலேயே நிற்கும், கிளையும் இருக்கும், ஆயினும் எத்துணை நீர் விடினும் தளிர்க்காது. 1971 முதல் பல்கலைக்கழகமாக விளங்கும் கோவை வேளாண் நிறுவனம் போன்றவற்றில் கற்பிக்கப்படும் மண்ணியலும் இதனையே 'தற்காலிக வாடல்' என்றும், 'நிரந்தர வாடல்' என்றும் இரண்டாக வகுக்கின்றது. பபூன்களின் மூளையில் கருவிகொண்டு அளந்த ஈரெல்லையும், பருத்திக்காட்டில் கண்கொண்டு அறிந்த ஈரெல்லையும் ஒன்றையொன்று ஒத்திருத்தல் வியக்கத்தக்கது. ஆகவே இடைப்பட்ட திசுவை 'வாடற்பகுதி' என்றும், மடிந்துவிட்ட உள்ளிடத்தைப் 'பட்டபகுதி' என்றும் வழங்கலாம் என்பது நம் கருத்து. 'வாடற்பகுதி' என்ற அளவிலேயே மூன்று செய்திகள் கேட்பவர்க்குப் புலனாகும்: உயிர் உண்டு, நீர் இல்லை, நேரம் குறைவு.

நேரம் எவ்வளவு குறைவு என்பதற்கு 2006இல் சேவர் என்னும் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஒரு கணக்கிட்டார். பெருங்குழாய் ஒன்று அடைபட்டு மருத்துவம் பெறாத நோயாளியின் மூளையில், சராசரியாக, ஒவ்வொரு நிமிடத்திலும் 19 இலட்சம் நரம்பணுக்களும், அவற்றிடையே ஏறத்தாழ 1,400 கோடி இணைப்புக்களும், 12 கிலோமீட்டர் நீள நரம்பிழைகளும் அழிகின்றன என்பது அக்கணக்கு. இது சராசரியே, ஆளுக்கு ஆள் வேகம் பெரிதும் மாறும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

பயிருவமை எல்லாவிடத்தும் செல்லாது என்பதையும் ஈண்டே கூறுதல் வேண்டும். வாடிய பயிர் தன் பக்கத்துப் பயிருக்குத் தீங்கு செய்வதில்லை. மடியும் நரம்பணு செய்கின்றது. ஆற்றல் இழந்த அணு, தன்னகத்தே செய்தி கடத்துதற்பொருட்டு வைத்திருந்த குளூட்டமேட்டு என்னும் பொருளைக் கட்டுப்பாடின்றி வெளியே உமிழ்கின்றது. அது பக்கத்து அணுக்களை அளவிறந்து தூண்ட, அவற்றுள் கால்சியம் வெள்ளமெனப் புகுகின்றது; புகுந்த கால்சியம் அணுவின் செரிப்புப் பொருள்களை அவிழ்த்துவிட, அணு தன்னைத்தானே தின்கின்றது. தூண்டுதலே நஞ்சாகும் இந்நிகழ்ச்சியை ஆல்னி என்பார் 1969இல் எலிக்குஞ்சுகளின் மூளையில் கண்டு வெளியிட்டார். இதன்மேல், குருதி மீண்டும் பாயும்பொழுது உயிர்வளியினின்று பிறக்கும் நிலையற்ற துகள்களாலும், சில நாட்களில் வந்து குவியும் வெள்ளணுக்களின் அழற்சியாலும் கேடு தொடர்கின்றது. நீர் பாய்ந்த பின்னரும் பயிர் கருகுவதை ஒத்த இதனை 'மீள்பாய்வுக் கேடு' எனலாம். ஆகவே மருத்துவர் முன் இரண்டு பணிகள் நின்றன. வாய்க்காலைத் திறத்தல் ஒன்று. திறக்கும் வரையிலும் திறந்த பின்னும் வாடற்பகுதியைப் படாமல் காத்தல் மற்றொன்று.

முதற்பணி பெருவெற்றி கண்டது. குருதிக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேசு என்னும் மருந்து நோய் தொடங்கிய 3 மணி நேரத்திற்குள் தரப்படின் பயன் உண்டு என்பதை 1995இல் அமெரிக்க ஆய்வு நிறுவிற்று. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதனை நான்கரை மணி நேரம் வரை நீட்டிற்று. 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகள், தொடைக் குருதிக்குழாய் வழியே நுண்குழல் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்தல் பெருங்குழாய் அடைப்பில் மிக நன்று என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டின. 2018இல், படம் எடுத்து வாடற்பகுதி எஞ்சியுள்ளதென்று கண்டவர்க்கு 24 மணி நேரம் வரையிலும் இது பயன் தரக்கூடும் என்பது தெளிவாயிற்று. கடிகாரத்தை மட்டும் பார்த்தல் போதாது, காட்டையும் சென்று பார்க்க வேண்டும் என்று உழவர் சொல்வது போன்றது இது.

இரண்டாம் பணியின் வரலாறோ தோல்விகளின் வரலாறு. குளூட்டமேட்டைத் தடுப்பன, கால்சியத்தைத் தடுப்பன, நிலையற்ற துகள்களை விழுங்குவன என எண்ணிறந்த மருந்துகள் எலிகளில் வெற்றி பெற்றன. எலியின் கழுத்துக் குருதிக்குழாய் வழியே மெல்லிய இழை ஒன்றைச் செலுத்தி மூளையின் நடுத்தமனியை அடைத்து, குறித்த நேரம் கழித்து இழையை உருவி விடுவது 1980களில் வகுக்கப்பட்டு இன்றும் கையாளப்படும் முறை. இம்முறையிலும் இதனை ஒத்த பிற முறைகளிலும் ஆராயப்பட்ட மருந்துகளை ஆஸ்திரேலியாவின் ஓகாலின்சு முதலியோர் 2006இல் எண்ணித் தொகுத்தனர். மொத்தம் 1,026. அவற்றுள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டவை 114. மூளையைக் காக்கும் வகையில் அவற்றுள் உறுதியாக நிலைபெற்றது ஒன்றும் இல்லை.

அவ்வாண்டே நம்பிக்கை ஒன்று அரும்பியது. துகள்களைப் பிடிக்கும் ஒரு மருந்து, 'என்எக்ஸ்ஒய்-059' என்னும் குறியீட்டுப் பெயரோடு, 1,700க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சிறு பயன் காட்டியது. மறு ஆண்டு 3,300 பேரளவில் அதே மருந்தைச் சோதித்தபொழுது பயன் ஒன்றும் காணப்படவில்லை. இந்தியாவில் இன்றும் மிகுதியாக எழுதித் தரப்படும் சிட்டிகோலின் 2012இல் ஏறத்தாழ 2,300 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, வெற்று மருந்தினும் சிறந்ததன்று என்று முடிவாயிற்று. முடிவு வெளியான பின்னும் அதன் வழக்கு குறையாமை ஆராய்ச்சியின் இயல்பைக் காட்டிலும் மனித இயல்பையே நன்கு விளக்குகின்றது. கையில் ஏதேனும் கொடுத்தனுப்ப வேண்டும் என்னும் விருப்பம் புறாக்குருதிக்கும் சிட்டிகோலினுக்கும் பொது.

எலியில் வென்றது மனிதனிடம் தோற்றது ஏன் என்னும் வினாவே ஒரு தனி ஆராய்ச்சித் துறையாயிற்று. எலிகள் இளையவை, நலமுள்ளவை, பெரும்பாலும் ஆண். நோயாளிகளோ முதியவர், குருதியழுத்தமும் நீரிழிவும் உடையவர், ஆணும் பெண்ணும். எலிக்கு அடைப்புக்கு முன்னரோ, சில நிமிடம் கழித்தோ மருந்து தரப்பட்டது. மனிதனுக்கு ஆறு மணி, பன்னிரண்டு மணி கழித்து. எலியின் குழாயில் இழையை உருவியதும் குருதி பாய்ந்தது. பழைய ஆய்வுகளில் மனிதனின் குழாய் பெரும்பாலும் அடைந்தே கிடந்தது. நீர் வாராத வயலுக்கு உரமிட்டது போலாயிற்று. எந்த எலிக்கு எந்த மருந்து என்பது அளப்பவர்க்குத் தெரிந்திருந்த ஆய்வுகளும் பல. விருப்பமான முடிவையே கண் காணும் என்பதை இலக்கிய ஆராய்ச்சியாளராகிய நாம் அறியாதவரல்லோம். 1999இல் அறிஞர் கூடி வகுத்த நெறிமுறைகள் இக்குறைகளை நீக்கும் நோக்கின. ஒன்றற்கு மேற்பட்ட விலங்கினம், முதிய விலங்கு, இரு பாலும், ஒன்றற்கு மேற்பட்ட ஆய்வுக்கூடம் என்பன அவற்றுட் சில.

2015க்குப் பின் நிலைமை மாறியதற்குக் காரணம் உண்டு. கட்டியை இழுத்தெடுக்கும் முறை வந்தபின், எலியில் நிகழ்ந்தது போலவே மனிதனிலும் குருதி திரும்பப் பாய்தல் உறுதியாயிற்று. காப்பு மருந்து சென்று சேர வழி பிறந்தது. இந்நிலையில் நெரினெடைடு என்னும் மருந்து 1,105 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2020இல் முடிவு வெளியாயிற்று. மொத்தத்தில் பயன் இல்லை. ஆனால் ஆல்டிபிளேசு பெறாதவரை மட்டும் பிரித்துப் பார்த்தபொழுது நலம் தெரிந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து காப்பு மருந்தையும் அறுத்துவிட்டது போலும் என்று கருதப்பட்டது. பின்னர், கரைப்பு மருந்து பெறாதவரிடம் மட்டும் நிகழ்த்திய ஆய்வு அவ்வெதிர்பார்ப்பை உறுதி செய்யவில்லை. முடிவு தெரிந்த பின் பிரித்துப் பார்த்துப் பெறும் நலத்தைப் பெரிதாகக் கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாட்டில் 2023இல் சோவடெல்டைடு என்னும் மருந்துக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. அனில் குலாட்டி என்னும் மருந்தியலார் நெடுங்காலம் ஆராய்ந்து வளர்த்தது இது. குருதிக்குழாய்களிலும் மூளையணுக்களிலும் உள்ள எண்டோதீலின்-பி ஏற்பியைத் தூண்டி, அணுக்களின் சாவைக் குறைத்துப் புதுக்கத்திற்கு உதவுவது அதன் செயல் என்பர். நோய் தொடங்கிய 24 மணி நேரத்திற்குள் தொடங்கி, முதல் நாள், மூன்றாம் நாள், ஆறாம் நாள் எனச் செலுத்தப்படுகின்றது. இந்தியாவில் நிகழ்ந்த மூன்றாங்கட்ட ஆய்வில் பங்கு பெற்றோர் 158 பேர். முடிவுகள் நலம் காட்டின. உலகின் பெருநோய் ஒன்றற்கு இந்நாட்டில் முதற்கண் வழங்கப்பட்ட மருந்து என்பதில் நாம் மகிழலாம். ஆனால் 1,700 பேரிடம் கண்ட நலம் 3,300 பேரிடம் மறைந்த வரலாற்றை மேலே கண்டோம். 158 என்பது இவ்வாராய்ச்சியில் சிறு எண். வேறு நாடுகளில், மேலும் பெரிய அளவில், வேறு கைகளால் சோதிக்கப்பட்டாலன்றி இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் இயலாது என்பதே நம் துணிபு.

கொங்கு நாட்டிற்கு இவ்வாராய்ச்சியில் தனித்த அக்கறை உண்டு. கோவை நகரிலேயே பெருமருத்துவமனைகள் பல உள்ளன. ஆனால் வால்பாறைத் தோட்டத் தொழிலாளி ஒருவர்க்கு வாய் கோணிக் கை வாராது போயின், அவர் 40 கொண்டையூசி வளைவுகளை இறங்கியே பொள்ளாச்சிச் சமவெளியைக் காண முடியும். தாளவாடி மலைக்காரர் திம்பத்தின் 27 வளைவுகளை இறங்க வேண்டும். படம் எடுக்கும் கருவி இல்லாத ஊர்தியில் கரைப்பு மருந்தைத் தர இயலாது. மூளைத்தாக்கு அடைப்பினாலும் நேரும், குருதி கசிவதாலும் நேரும். கசிவில் கரைப்பு மருந்து கொல்லும். படம் எடுத்தாலன்றி இரண்டையும் பிரித்தறிய இயலாது. காப்பு மருந்தோ, தீங்கற்றதாக இருப்பின், படத்திற்கு முன்பே மலைச்சாலையிலேயே தரலாம். இக்கருத்தை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்சு வட்டாரத்தில் 1,700 நோயாளிகளிடம் சோதித்தனர். 108 ஊர்தியை ஒத்த ஊர்திகளில் மக்னீசியம் செலுத்தப்பட்டது. நால்வரில் ஏறத்தாழ மூவர்க்கு முதல் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே செலுத்தினர். 2015இல் வெளியான முடிவு: மக்னீசியத்தால் பயனில்லை. ஆனால் ஊர்தியில் மருந்து தருதல் இயலும் என்பது நிறுவப்பட்டது. அவ்வூர்தியில் ஏற்றத்தக்க மருந்து எது என்பதுதான் இன்றும் விடை காணாத வினா.

அதுவரையில் வால்பாறைக்கு உள்ள ஒரே காப்பு, விரைந்து புறப்படுதல். 'வாதம்' என்று கேட்டவர் வைத்தியர் வரட்டும், காலையில் பார்ப்போம் என்பர். 'மூளை வாடுகின்றது' என்று கேட்டவர் காலைவரை இரார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்களிடையே இந்நோயை ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட கட்டுரையும், அதன் தலைப்பிலேயே, ஒருபக்கச் செயலிழப்பைக் கொண்டே நோயைச் சுட்டிற்று. வீடுதோறும் சென்று கேட்பவர்க்கு வேறு வழி இல்லை. பக்கம் விழுந்தவரைத்தான் ஊரார் காட்டுவர். பக்கம் விழாமல் பேச்சு மட்டும் தடுமாறியவரும், பார்வையில் பாதி இழந்தவரும் 'பக்கவாதம்' என்னும் சொல்லினுள் அடங்கார். அத்தகையோர் மருத்துவமனைக்குப் பிந்தி வருதற்கு அச்சொல்லும் ஒரு காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

இனி, 'காப்பு' என்பதன் முன்னே நிற்கும் சொல்லைப் பார்ப்போம். ஆங்கில வழக்கை அடியொற்றி 'நரம்புக் காப்பு' என்றும் 'நரம்புப் பாதுகாப்பு' என்றும் எழுதுவோர் உளர். தமிழில் 'நரம்பு' என்பது யாழின் தந்தி. தசையை எலும்போடு பிணிக்கும் நாண். கையில் நீலமாகப் புடைத்துத் தெரியும் குருதிநாளமும் மக்கள் வழக்கில் நரம்பே. குருதிநாளத்தில் போடும் ஊசிக்கு 'நரம்பு ஊசி' என்று பெயர். 'நரம்புத் தளர்ச்சி' என்பதற்கு இதழ்களின் விளம்பரப் பகுதி தந்துள்ள பொருளை இங்கு எழுத வேண்டுவதில்லை. இத்துணைப் பொருள் சுமந்த சொல்லை மேலும் ஒரு பொருளுக்கு அனுப்புதல் பொருந்தாது. 'நரம்பணு' என்பதில் 'அணு' என்னும் ஈறு பொருளை வரையறுத்தலின் அதனை ஆள்வதில் இடர் இல்லை. காப்புக்கு 'மூளைக்காப்பு' என்பதே தகும். அண்மைக் காலத்தில் மேலை ஆராய்ச்சியாளரும், காக்க வேண்டுவது நரம்பணுவை மட்டுமன்று, அதனைத் தாங்கும் துணையணுக்களையும் குழாய்ச் சுவர்களையுமாம் என்று கண்டு, நரம்பு என்பதனை விடுத்து மூளை என்பதனை முன்னொட்டாகக் கொண்ட சொல்லுக்கு மாறி வருகின்றனர். தமிழ் அவர்களைப் பின்பற்றி நரம்பில் தொடங்கிப் பின்னர் மூளைக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை.

வட்டார வழக்கினின்று அறிவியற் சொல் எடுத்தல் புதுமையன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் (1822–1884) மேலை மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்க்கப் புகுந்தபொழுது வடசொல்லையும் நாட்டு வழக்கையும் ஒருங்கே துழாவினார். கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் 1940களின் இறுதியில் தொடங்கி வெளியிட்ட 'கலைக்கதிர்' அறிவியலை இந்நாட்டவர்க்கு எளிய தமிழிற் சொல்ல முயன்றது. ஈரோட்டை அடுத்த சிற்றூரில் பிறந்த பெரியசாமித் தூரன், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, எண்ணற்ற துறைகளுக்குத் தமிழ் உண்டு என்பதைக் காட்டினார். வாடற்பகுதி என்னும் கருத்தே பிறவாத காலம் அது. அவர்கள் விட்டுச் சென்ற பணியின் எச்சம் நம்முடையது.

முடிவு காணாத சொல் ஒன்று எஞ்சியுள்ளது. ஒரே குழாய் அடைபட்ட இருவருள் ஒருவர்க்கு வாடற்பகுதி ஒரு மணியில் படும். மற்றொருவர்க்குப் பத்து மணிநேரம் தாங்கும். பக்கத்துக் குழாய்களினின்று வரும் துணைப்பாய்வின் மிகுதி குறைவே இதற்குக் காரணம். மூளையின் அடியில் குழாய்கள் வளையமாகக் கூடியிருத்தலை 1664இல் வில்லிசு என்னும் ஆங்கில மருத்துவர் விளக்கி எழுதினார். அவ்வளையத்திற்கு அப்பால், மூளையின் மேற்பரப்பில், ஒரு குழாயின் கடைக்கிளையும் மற்றொன்றின் கடைக்கிளையும் சந்திக்கும் எல்லைகள் உள்ளன. குருதியழுத்தம் தாழ்ந்தால் முதலில் வாடுவன அவையே. ஜெர்மானிய அறிஞர் அவ்விடங்களுக்கு நீர்ப்பாசனத்தினின்றே பெயர் எடுத்துக் 'கடைசிப் புல்வெளி' என்றனர். பவானியின் நீரை நொய்யல் வரை கொண்டு செல்லும் காலிங்கராயன் வாய்க்காலின் கரையில் வாழ்வார்க்கு இதனைப் பெயர்த்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் வழக்கில் அது 'கடைமடை'. இவ்வெல்லைக்குக் கடைமடை என்பதை ஏற்கலாம். ஆனால் அக்கடைமடைக்கு அயல் வாய்க்காலினின்று கசிந்து வந்து சேரும் நீருக்கு, 'துணைப்பாய்வு' என்று நாம் மேலே எழுதியதினும் பொருத்தமான ஒரு சொல் இக்கரையோர ஊர்களில் வழங்கக்கூடும். அதனைத் தேடித் தொகுக்கும் பணி வட்டார வழக்கை ஆராயும் முதுகலை மாணவர்க்கு உரியது.